மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டுமா? மனிதர்கள் தொகுக்கும் வலை அடைவுகளில் நேர்மை

ஏட்டுக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, தமிழில் உள்ள கல்வித் தளங்களையும் கைத்தொழில் செய்வோரின் தளங்களையும் பகுப்பு வாரியாகத் தொகுக்கும் சிறிய வலை அடைவு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். தேடுபொறி இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் வீட்டாரே கேட்டுவிட்டதால், அந்தக் கேள்வியை இங்கே மறுபடியும் எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சச்சரவு வேறு.

எதைச் சேர்ப்பது, எதை மறுப்பது என்று இரண்டு பக்கத்துக்கு விதிமுறை எழுதினோம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்ற வாரம் எங்களில் ஒருவர் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் தளத்தை மறுத்தார். அந்நிலையத்தார் காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அதற்கே பொழுது போய்விடும், விதிமுறைதான் தளத்தில் இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய நிலை. விதியைக் காட்டிவிட்டுத் தீர்ப்பை மறைப்பது என்ன நேர்மை என்பது என் நிலை. மற்ற இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பெரிய அடைவுகளில் தொகுப்பாளராக இருந்தவர்களும், தளத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களும் இங்கு இருக்கிறீர்கள். விதிகள் இருந்தும் அங்கே கோணல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுகிறேன்.

பழைய தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, தன்னார்வலர்கள் தொகுத்த டீமாஸ் என்ற பெரிய வலை அடைவைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1998 ஜூனில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பொறியாளர்களாக இருந்த ரிச் ஸ்க்ரெண்டாவும் பாப் ட்ரூயலும் வேறு சிலரும் சேர்ந்து 'க்னூஹூ' என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். (இந்த ஸ்க்ரெண்டாதான் 1982இல், பள்ளி மாணவராக இருந்தபோது, ஆப்பிள் கணினிகளில் நெகிழ்வட்டு வழியாகப் பரவிய எல்க் க்ளோனர் வைரஸை எழுதியவர்.) அன்றைய யாகூ அடைவில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தொகுப்பாளர்களால் குவிந்துகொண்டே போகும் தளங்களைப் பார்த்து முடிக்க இயலவில்லை, அதே வேலையைத் தன்னார்வலர்களுக்குச் சிறுசிறு பகுப்புகளாகப் பிரித்துக் கொடுத்தால் முடிந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பெயருக்கு எதிர்ப்பு எழவே 'நியூஹூ' ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் வாங்கியதும் 'ஓப்பன் டைரக்டரி புராஜெக்ட்' ஆயிற்று. நெட்ஸ்கேப்பின் மோசில்லா தள முகவரியில் (directory.mozilla.org) இருந்ததால் டீமாஸ் (DMOZ) என்ற சுருக்கப் பெயரே நிலைத்தது.

அதன் தொகுப்பு விதிகளை இன்று எடுத்துப் படித்தாலும் பெரிதாகக் குறை காண முடியாது. தளத்தின் தலைப்பு, அதை நடத்துவோரின் உண்மையான பெயராக இருக்க வேண்டும். விவரிப்பு படர்க்கையில், புகழ்ச்சி இல்லாமல் அமைய வேண்டும். வேறெங்கும் கிடைக்காத உள்ளடக்கம் தளத்தில் இருக்க வேண்டும். பிறர் பொருளை விற்றுத் தரகு பெறுவதற்காக மட்டும் எழுந்த தளங்களுக்கு இடமில்லை. தொகுப்பாளர் தமக்குத் தொடர்புள்ள தளங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். யாரிடமும் ஒரு காசும் வாங்கக் கூடாது. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். "தஞ்சையின் நம்பர் ஒன் தலையாட்டி பொம்மைகள்! நம்ப முடியாத விலை! இன்றே அழையுங்கள்!" என்று ஒருவர் அனுப்பினால், தொகுப்பாளர் அதை "தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மைகள் செய்து விற்கும் கடை. பொம்மை வகைகள், விலைப்பட்டியல், கடை முகவரி ஆகியவை உள்ளன" என்று மாற்றுவார். அனுப்பியவருக்குக் கோபம் வரும். தேடி வருகிறவருக்கு வேண்டியது இரண்டாவது வாசகம்தான்.

விதிகள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. அவற்றை வைத்து எடுத்த முடிவுகள் தெரியவில்லை. ஒவ்வொரு தளத்தைப் பற்றியும் தொகுப்பாளர்கள் குறிப்பு எழுதினார்கள், ஒவ்வொரு மாற்றமும் பதிவாயிற்று, ஆனால் அந்தப் பதிவேட்டைத் தொகுப்பாளர்கள் மட்டுமே திறந்து பார்க்க முடிந்தது. தம் தளத்தின் நிலை என்ன என்று வெளியார் கேட்டால் பொதுவெளியில் பதில் சொல்லும் ஏற்பாடு ஒன்று 2005 மே வரை இருந்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். கோணல் வந்த இடம் அது என்பது என் கருத்து.

பாய்க்கடை எழுதியது:

என் குறையைச் சொல்ல இது நல்ல இடம். 2003இல் பத்தமடைப் பாய்களுக்கென்று ஒரு தளம் அமைத்தேன். கோரையை ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவருவது தொடங்கி, மணமக்கள் பெயரைக் கல்யாணப் பாயில் நெய்து முடிப்பது வரை, ஒவ்வொரு நிலையையும் நானே படமெடுத்துப் போட்டிருந்தேன். அதை ஒரு பெரிய அடைவுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். பதினான்கு மாதங்கள் ஆகியும் சேர்த்தோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு வரி வரவில்லை. நானும் சலிக்காமல் மாதம் ஒருமுறை மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதற்குள், என் படங்களில் இரண்டை எடுத்துப் போட்டிருந்த வேறொருவரின் கைவினைப்பொருள் தளம் அதே பகுப்பில் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மனக்கசப்பு தளம் மறுக்கப்பட்டதால் வந்ததாக நான் சொல்ல மாட்டேன். மறுக்கப்பட்டதா இல்லையா என்பதே தெரியாமல் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதனால் வந்தது.

பழைய தொகுப்பாளர் எழுதியது:

அண்ணாச்சி, மாதம் ஒருமுறை அனுப்பியதுதான் உங்களைக் கெடுத்திருக்கும். நான் இருந்த அடைவில் (நானும் பெயர் சொல்லப் போவதில்லை) ஒரே முகவரி ஒரே பகுப்புக்கு மறுபடி வந்தால் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டு, தேதியும் புதிதாகிவிடும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் இருந்த உங்கள் பையை நீங்களே மாதம் தவறாமல் எடுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். இதை அனுப்பும் பக்கத்தில் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துத் தவறு.

வரிசையின் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதையும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுலாப் பகுப்பைத் திறந்தேன். அடுத்தடுத்துப் பதினொரு தளங்கள் காத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு, வண்ணம் வேறு, முகப்புப் படம் வேறு. ஐந்தை நல்லவை என்று சேர்த்தும் விட்டேன். ஆறாவதில் "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தில் 'சுற்றுலா' என்பது 'சுற்றலா' என்று இருந்தது. எங்கோ பார்த்த பிழை போலிருக்கிறதே என்று முந்தைய ஐந்தையும் மறுபடி திறந்தேன். பதினொன்றிலும் அதே இடத்தில் அதே 'சுற்றலா'. ஒரே முகவர், ஒரே தொலைபேசி எண், பதினொரு முகமூடி. சேர்த்த ஐந்தையும் நீக்கி, குறிப்பு எழுதி முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அன்று உங்கள் பாய்த் தளம் போன்ற ஒன்று பன்னிரண்டாவதாக இருந்திருந்தால், அதை நான் திறந்திருக்க மாட்டேன்.

அடைவில் ஓர் இடத்துக்கு ஏன் இத்தனை அடிபிடி என்று இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். டீமாஸ் தன் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்த விட்டது. கூகுளே 2000 முதல் 2011 வரை அந்தத் தரவைக் கொண்டு தன் பெயரில் ஓர் அடைவை நடத்தியது. இன்னும் எத்தனையோ தளங்கள் படியெடுத்தன. ஒரு தொகுப்பாளர் ஒரு வரியைச் சேர்த்தால் அது பல இடங்களில் இணைப்பாக மாறியது, இணைப்பின் எண்ணிக்கை தேடல் வரிசையில் தளத்தை உயர்த்தியது. ஊதியமே இல்லாத ஒருவர் கையில் பணமாகும் பொருள் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது.

தாழங்குடை எழுதியது:

பணம் என்று வந்துவிட்டதால் யாகூவின் வழியையும் பேசுவோம். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் தொடங்கிய அந்த அடைவு, பிற்காலத்தில் வணிகத் தளங்களுக்குக் கட்டணம் விதித்தது. 2001 இறுதியிலிருந்து ஆண்டுக்கு 299 டாலர். அந்தக் கட்டணம் தளத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே, சேர்ப்பதற்கு உறுதி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பணம் கட்டியவருக்கு ஏழு வேலை நாள்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைத்தது. பாய்க்கடை அண்ணாச்சி கேட்டது அந்த ஒரு வரிப் பதிலைத்தானே? ஆகவே, கட்டணம் வாங்கினாலே நேர்மை போயிற்று என்று நான் எளிதாகச் சொல்லிவிட மாட்டேன்.

ஆனால் கட்டணம் இன்னொரு மயக்கத்தைக் கொண்டுவருகிறது. பட்டியலைப் படிக்கிறவர், இவை தகுதியால் இடம்பெற்றவை என்று நினைக்கிறார்; கட்ட முடியாதவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தேடல் முடிவுகளில் இந்த மயக்கம் பரவுவதை எதிர்த்து, கமர்ஷியல் அலர்ட் என்ற நுகர்வோர் அமைப்பு 2001 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. பணம் பெற்றுச் சேர்த்தவற்றை அப்படியே தெளிவாகக் குறித்துக் காட்ட வேண்டும் என்று ஆணையம் 2002 ஜூனில் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. யாகூ அடைவு 2014 டிசம்பரில் மூடப்பட்டது. ஏட்டுக்கட்டு ஐயா, நீங்கள் கட்டணம் வாங்கப் போகிறீர்களா என்பதை இந்த இழையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏட்டுக்கட்டு எழுதியது:

வாங்க மாட்டோம். விளம்பரமும் இல்லை. வழங்கிக்கு ஆகும் செலவை நால்வரும் பிரித்துக்கொள்கிறோம்.

வன்னி வாசகி எழுதியது:

எல்லோரும் சேர்ப்பதையும் மறுப்பதையும் பற்றியே பேசுகிறீர்கள். சேர்த்த பிறகு எங்கே வைப்பது, எப்படி விவரிப்பது என்பதிலும் அநீதி செய்யலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். டீமாஸில் சமயப் பகுப்புகள் பலவற்றின் கீழ் 'எதிர்க் கருத்துகள்' என்று தனிப் பகுப்பு வைத்திருந்தார்கள். ஒரு சமயத்தைக் கண்டிக்கும் தளமும் அடைவில் இடம்பெறும், ஆனால் அந்தச் சமயத்தினரின் சொந்தப் பக்கத்தில் அவர்கள் தளங்களுக்கு நடுவே வந்து உட்காராது. இது நல்ல ஏற்பாடு என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், எது 'சமயத்தின் உட்பிரிவு', எது 'எதிர்க் கருத்து' என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி வருகிறது. சீர்திருத்தம் கேட்கும் உட்பிரிவினரை எதிரிகள் பக்கத்தில் தள்ளிவிட்டு, விதிப்படிதான் செய்தேன் என்று ஒரு தொகுப்பாளர் சொல்ல முடியும்.

விவரிப்பிலும் இதே சிக்கல்தான். எங்கள் ஊர்ச் செய்தித் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பற்றி "செய்திகள், கட்டுரைகள், நேர்காணல்கள்" என்றும், மற்றொன்றைப் பற்றி "ஒரு சார்பான செய்திகள்" என்றும் எழுதினால், இரண்டாவது வாசகம் உண்மையாகவே இருந்தாலும் அது நேர்மையான தொகுப்பு ஆகாது, ஏனென்றால் முதல் தளத்துக்கு அந்த அளவுகோலைத் தொகுப்பாளர் வைக்கவே இல்லை. தளம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அதையும், அதில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் எழுத வேண்டும்; அதைப் பற்றித் தொகுப்பாளர் என்ன நினைக்கிறார் என்பதை எழுதக் கூடாது. ஒரு பகுப்பின் எல்லா விவரிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, யார் தளம் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தொகுப்பாளருக்கு யாரைப் பிடிக்காது என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும்.

பழைய தொகுப்பாளர் எழுதியது:

அம்மா சொன்னதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நான் இருந்த அடைவில், ஒரு மலைவாசத்தலத்தின் தங்குமிடப் பகுப்பு ஒருவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கே அங்கு ஒரு விடுதி உண்டு. அதை விதிப்படி அறிவித்தும் இருந்தார். போட்டி விடுதி எதையும் அவர் நீக்கவில்லை, மறுக்கவில்லை. அவர் விடுதிக்கு மட்டும் அறைகள், உணவகம், ஏரிக்கரைத் தோட்டம் என்று முழு வாக்கியம் இருந்தது. மற்றவர்களுக்கு "தங்கும் விடுதி" என்று இரண்டே சொற்கள். ஊர் எல்லையில் இருந்த நான்கு விடுதிகளைப் பக்கத்துச் சிற்றூரின் பகுப்புக்கு நகர்த்தியிருந்தார். ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடுத்தால் நியாயம் சொல்ல முடியும்: விவரிப்பு சுருக்கமாக இருப்பது நல்லது, எல்லையில் உள்ளவை பக்கத்து ஊருக்குப் போகலாம். இரண்டு ஆண்டுப் பதிவேட்டை ஒரே மூச்சில் படித்தபோதுதான் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தது.

அவரை நீக்கினார்கள். ஏன் நீக்கினோம் என்று சக தொகுப்பாளர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் அவர் கடவுச்சொல் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். மேலிடத்துக்கு வேண்டாதவர்களை வெளியேற்றுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, அவருக்கு நடந்தது சரியான தண்டனை என்று அறிந்த எங்களாலும் அதை மறுத்துப் பேச முடியாமல் போயிற்று. டீமாஸ் மீதும் இதே குற்றச்சாட்டு நெடுங்காலம் பொதுவெளியில் இருந்ததை இங்கே பலர் அறிவீர்கள். எந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, பதிவேடு பூட்டிக் கிடந்ததால்.

நடைபாதை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அகர வரிசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீமாஸில் அகர வரிசை, அதையே கூகுள் எடுத்துப் போட்டபோது பேஜ்ரேங்க் வரிசை, அதாவது பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை வைத்துக் கூகுள் போடும் மதிப்பின்படி. இரண்டில் எது நேர்மை?

தாழங்குடை எழுதியது:

அகர வரிசையில் தொகுப்பாளரின் விருப்புவெறுப்பு நுழையாது, ஆனால் கடைக்குப் பெயர் வைத்தவரின் தந்திரம் நுழையும். 'ஏ ஏ ஏ டிராவல்ஸ்' என்று பெயர் வைப்பது தொலைபேசிப் புத்தகக் காலத்திலிருந்தே இருக்கும் வித்தைதான். தலைப்பு உண்மையான பெயராக இருக்க வேண்டும் என்ற விதி அதற்குத்தான். மற்றது ஏற்கெனவே பெரியவர்களாக இருப்பவர்களை மேலும் மேலே ஏற்றும் வரிசை. சிறிய அடைவுக்கு அகர வரிசையே போதும்.

முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். பதிவேட்டைத் திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பழைய தொகுப்பாளர் சொல்வதாகத் தெரிகிறது. எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. "உள்ளடக்கம் வேறு தளத்தில் உள்ளதைப் போலவே இருக்கிறது" என்று காரணம் எழுதினால், 'சுற்றலா' முகவர் அடுத்த முறை எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வருவார். நாமே அவருக்கு ஏணி போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். மற்றது, தொகுப்பாளரின் பெயர் வெளியே தெரிந்தால் மறுக்கப்பட்டவர் அவர் வீட்டுத் தொலைபேசிக்கே அழைப்பார். ஊதியம் இல்லாமல் வேலை செய்பவர் வசவையும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? இன்னொன்றையும் கவனியுங்கள். டீமாஸ் தனக்கு வருவதை 'பரிந்துரை' என்றே அழைத்தது. விண்ணப்பம் போட்டவருக்குப் பதில் பெறும் உரிமை உண்டு. பரிந்துரை செய்தவருக்கு அப்படி என்ன உரிமை? அடைவு யாருக்காக இருக்கிறது? தேடி வருகிற வாசகருக்காக. தள உரிமையாளருக்கு அது கடன்பட்டது இல்லை.

பழைய தொகுப்பாளர் எழுதியது:

உங்கள் கடைசிக் கருத்தை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன், அடைவு வாசகருடையது. அதனால்தான் பதிவேடு திறந்திருக்க வேண்டும் என்கிறேன். பாய்க்கடை அண்ணாச்சியின் தளம் விடுபட்டதால் அதிகம் இழந்தவர், பத்தமடைப் பாயைத் தேடி வந்து, திருடிய படங்களைப் பார்த்துவிட்டுப் போன வாசகர். மறுப்புப் பதிவு வெளியே இருந்திருந்தால், படம் யாருடையது என்று அவர்களில் ஒருவராவது எழுதியிருப்பார்.

ஏணி பற்றிய பயம் எனக்கும் இருந்தது. எந்த விதியின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுதினால் போதும். எந்தத் தடயத்தால் பிடித்தோம் என்பதை உள்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பதிலாகத் தொகுப்பாளர் எண் போடலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்தின் வரலாறும் நீக்கல் பதிவும் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன, பெரும்பாலோர் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். அங்கும் சண்டைகள் உண்டு, ஆனால் எதைப் பற்றிய சண்டை என்றாவது தெரிகிறது.

டீமாஸ் மூடிய காரணம் இரகசியம் மட்டுமே என்று நான் சொல்லவில்லை. 2006 அக்டோபரில் வழங்கி பழுதாகி, டிசம்பர் வரை தொகுப்பு வேலையே நின்றது. தேடுபொறிகள் வளர்ந்தன, உடைமை நிறுவனத்துக்கு அக்கறை குறைந்தது. 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது 38 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பகுப்புகளும் அதில் இருந்தன. 90 மொழிகள், அவற்றில் தமிழும் ஒன்று. முன்னாள் தொகுப்பாளர்கள் பலர் கர்லீ என்ற பெயரில் அதைத் தொடர்கிறார்கள். ஆனாலும் மூடுவதாக அறிவிப்பு வந்த நாளில், அத்தனை ஆயிரம் பேரின் உழைப்புக்கு இரங்கியவர்களைவிட, "என் தளத்தைச் சேர்க்கவே இல்லை" என்று நினைவுகூர்ந்தவர்களையே நான் அதிகம் பார்த்தேன்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

நேற்று இரவு நால்வரும் கூடினோம். வாதாடாமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று, தனிப்பயிற்சி நிலையத்தை மறுத்த நண்பரிடம் தாளைக் கொடுத்து, அவர் காட்டிய அந்த விதிமுறையில் எந்த எண்ணின்படி மறுத்தார் என்று மட்டும் எழுதச் சொன்னோம். முதலில் விதி 3 என்று எழுதினார்; அது படியெடுத்த உள்ளடக்கம் பற்றியது. தளத்தைத் திறந்து பார்த்தோம். பாடக்குறிப்புகள் அந்நிலையத்தின் ஆசிரியர்களே கையால் எழுதி ஒளிப்படி எடுத்தவை. அதை அடித்துவிட்டு விதி 6 என்று எழுதினார். அது விளம்பரம் உள்ளடக்கத்தை மூடுவது பற்றியது. தளத்தில் ஒரே ஒரு சேர்க்கை அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பேனாவை மூடியும் திறந்தும் உட்கார்ந்திருந்தவர், "மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓடுவதைப் பார்த்ததும் மூடிவிட்டேன், பாடக்குறிப்பு வரை போகவே இல்லை" என்றார். அந்தத் தளம் இன்று காலை சேர்க்கப்பட்டது.

இனி ஒவ்வொரு மறுப்பும் இப்படிப் பதிவாகும்: "தேதி. தளம். பகுப்பு. முடிவு: சேர்க்கவில்லை. விதி எண். தொகுப்பாளர் எண். திருத்தி அனுப்பலாமா: ஆம் அல்லது இல்லை." எவரும் பார்க்கலாம். தடயம் உள்குறிப்பில் இருக்கும். பார்க்காமல் காத்திருக்கும் தளங்களின் பட்டியலும் தேதியோடு வெளியே தெரியும். மறுபடி அனுப்பினாலும் தேதி மாறாது. வன்னி வாசகி சொன்ன சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன், ஆறு மாதம் என்று அவர்கள் சொன்னார்கள். அது இன்னும் முடியவில்லை.

பாய்க்கடை எழுதியது:

அனுப்பிவிட்டேன். விவரிப்பில் "உலகப் புகழ்பெற்ற" என்று எழுதியிருந்ததை நானே எடுத்துவிட்டேன்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

கிடைத்தது, அண்ணாச்சி. வரிசையில் 23ஆவது.